ஏழு நாய்களும் பத்து விரல்களும்

கங்குந்தி வேடர்கள் பெண் கேட்டனர். காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர்கள் ஏளனம் பேசி மறுத்தனர். வெகுண்டெழுந்த வேடர்கள் ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்டு வர ஏழு வேளாளர் புறப்பட்டனர். உடன் சென்றவை ஏழு நாய்கள். புறப்படுமுன் மனைவியரிடம் அவர்கள் ஓர் ஏற்பாடு சொல்லிச் சென்றனர். நாய்கள் மட்டும் தனியே திரும்பினால் தாங்கள் மாண்டதாகக் கொள்ள வேண்டும், செய்ய வேண்டிய கருமாதியைச் செய்துவிட வேண்டும் என்பதே அது.

பாலாற்றில் வெள்ளம் புரண்டது. மனிதர்கள் முட்டி மோதி அக்கரை சேர்ந்தனர். நாய்களோ பாதி ஆறு வரை நீந்திப் பார்த்து, திரும்பி, காஞ்சிக்கே ஓடி வந்துவிட்டன. தனியே வந்த நாய்களைக் கண்ட வீடுகளில் ஒப்பாரி எழுந்தது. தாலி கழற்றப்பட்டது; ஈமக்கடன் முடிந்தது. வேடரை வென்று, கன்னியரை மீட்டு, வெற்றி முகத்துடன் ஊர் திரும்பிய எழுவரும் தத்தம் வாயிலில் நின்றபோது கிடைத்த வரவேற்பு என்ன? அவர்கள் இறந்தவர்கள்! கண்ணெதிரே நிற்கிறார்கள், பேசுகிறார்கள், பெயர் சொல்லி அழைக்கிறார்கள். ஆனால் நாய்கள் சாட்சி சொல்லிவிட்டன, சடங்கு முடிந்துவிட்டது, சாத்திரம் கதவைச் சாத்திவிட்டது. வேறு வழியற்ற எழுவரும் சாதியைத் துறந்து, வேடர் குலப் பெண்களை மணந்து, ஜவ்வாது மலையேறி, காடு திருத்திப் பயிர் செய்தனர். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியின் முன்னோர் இவர்களே என்பது கதை.

வட ஆர்க்காடு மாவட்டத்தைப் பற்றி வெள்ளை அதிகாரிகள் எழுதி வைத்த கையேட்டில் இக்கதை இருக்கிறது. நடந்த ஆண்டு 1132 என்றுகூட அங்கே குறித்திருக்கிறார்கள். 1909 இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் ஏழு தொகுதி நூலிலும் அது இடம்பெற்றது. (மலையாளி என்றதும் கேரளத்தை எண்ணிவிட வேண்டாம். மலையை ஆள்பவன் மலையாளி. பேசும் மொழி தமிழ்.) கதையை வரலாறு என்று நாம் கொள்ளத் தேவையில்லை. மலை மக்கள், நாங்களும் ஒரு காலத்தில் காஞ்சி வேளாளரே என்று சமவெளிச் சாதிக்காரன் முன் நிமிர்ந்து நிற்பதற்காகப் புனைந்துகொண்ட கதையாகவும் இருக்கலாம். மலை மீதேறிய பின்னும் சாதி ஏணி விடுவதில்லை அல்லவா!

ஆனால் கதையின் நடுவே ஓர் உண்மை உட்கார்ந்திருக்கிறது. ஒருவன் உயிரோடு இருக்கிறானா, அவன் அவன்தானா என்பதை அவனிடம் கேட்காமல், அவனைப் பார்க்காமல், முன்பே வகுத்துக்கொண்ட ஒரு குறியைப் பார்த்து முடிவு செய்கிறவர்களின் கையில் அவன் வாழ்வு சிக்கினால் என்ன ஆகும் என்பதே அது. அன்று குறி சொன்னது நாய். இன்று குறி சொல்வது கைரேகைக் கருவி. இதற்கு இடைப்பட்ட கதை நமது நாட்டில் நடந்தது. நம்மவரின் அறிவாலும் நம்மவரின் குருதியாலும் எழுதப்பட்டது. அதனால் அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஜவ்வாது மலையின் தென்புற அடிவாரத்தில் செங்கம் இருக்கிறது. அந்த வட்டாரத்து நடுகற்கள் தமிழக வரலாற்றின் கருவூலம். ஆநிரை காக்கவும், ஊர் காக்கவும் போரிட்டு மாண்ட எளிய மனிதர்களுக்கு ஊரார் நட்ட கற்கள் அவை. இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்ன ஊரில், இன்னாருடைய சேவகன் இன்னான், இன்ன செயலில் பட்டான் என்று பொறித்திருக்கிறார்கள். எடுத்தனூர் நடுகல் ஒன்று மகேந்திரவர்ம பல்லவனின் 34 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் போரில் மாண்ட வீரனுக்கு எழுப்பிய அக்கல்லில், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாயும் இடம்பெற்றிருக்கிறது. அந்த நாயின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது: கோவிவன். நாய்க்கும் பெயர் தந்து நினைவில் வைத்த மலையடிவாரம் அது! ஊர், பெயர், செய்த செயல் — ஒருவன் யார் என்பதற்கு அன்றைய மக்கள் தந்த விடை இவ்வளவே.

எழுத்து அறியாதவன் கொடுக்கல் வாங்கலில் என்ன செய்தான்? ஓலையில் ஒரு கீறல் கீறினான், ஒரு குறி இட்டான். அது அவன் தன் குறி, தற்குறி. அந்தத் தற்குறிக்கு எழுத்தறிந்த மற்றொருவன் சான்று எழுதினான். அதைத் தற்குறி மாட்டெறிதல் என்றனர். ஒருவன் குறிக்கு இன்னொருவன் பொறுப்பேற்ற ஏற்பாடு அது. பொற்காலம் என்று இதைப் புகழ நான் வரவில்லை. எழுத்தைச் சிலருக்கு உடைமையாக்கி, பலரைக் கீறலோடு நிறுத்திய சமுதாயம் அது. அதனால்தான் தற்குறி என்ற சொல் நாளடைவில் வசைச் சொல்லானது. எழுதவிடாமல் தடுத்ததும் அவர்களே, எழுதத் தெரியாதவன் என்று இகழ்ந்ததும் அவர்களே! கைநாட்டு என்று பின்னாளில் வந்த சொல்லின் கதையும் இதுதான்.

அந்தக் கைநாட்டு எங்கே பிறந்தது? மலையை விட்டு இறங்கி வங்காளம் செல்ல வேண்டும். 1858 சூலை 28. முந்தைய ஆண்டின் கிளர்ச்சியில் ஆட்டம் கண்ட வெள்ளை ஆட்சி, எந்த இந்தியன் முகத்தையும் நம்பாத காலம். ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்தவர் வில்லியம் ஹெர்ஷல். சாலைக்குக் கல் வழங்க ராஜ்யதர் கோனாய் என்பவரிடம் ஒப்பந்தம் எழுதினார். கோனாய் நாளை இது என் கையெழுத்தன்று என்று மறுத்துவிட்டால்? ஹெர்ஷலுக்கு ஒரு யோசனை தோன்றிற்று. கோனாயின் உள்ளங்கையில் மை தடவி, ஒப்பந்தத்தின் பின்புறம் அழுத்தி எடுத்தார். ரேகையின் அறிவியல் எதுவும் அன்று அவருக்குத் தெரியாது. கோனாயை அச்சுறுத்துவதே நோக்கம் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். கைரேகையின் ஆட்சிமுறை வரலாறு, அவநம்பிக்கையில் ஆரம்பமாகி அச்சத்தில் காலூன்றியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் ஹெர்ஷல் மூடரல்லர். ஆண்டுக்கணக்கில் தம் விரலையும் பிறர் விரலையும் பதிவெடுத்துப் பார்த்தார். ரேகை மாறுவதில்லை என்று கண்டார். 1877 இல் ஹூக்ளியில் பத்திரப் பதிவிலும், சிறையிலும், ஓய்வூதியத்திலும் விரற்பதிவைப் புகுத்தினார். ஓய்வூதியத்தில் ஏன்? மாண்டவர் பெயரால் வேறொருவர் வந்து பணம் வாங்கிச் செல்வதைத் தடுக்க! இறந்தவனை இருப்பவனாகக் காட்டும் மோசடிக்கு முடிவு கட்ட எழுந்த முறை அது. இருப்பவனை இறந்தவனாக்கும் முறையாக அது எப்படி மாறிற்று என்பதற்குப் பின்னர் வருவோம்.

ரேகை என்றதும் நம் நாட்டில் நினைவுக்கு வருகிறவன் யார்? மரத்தடியில் குந்தி, கையைப் பிடித்து, ஆயுள் ரேகை, புத்தி ரேகை, தன ரேகை என்று அளந்து, காலணாவுக்குக் கோடீசுவர யோகம் விற்கும் சோதிடன். ஆயிரம் ஆண்டுகளாகக் கையைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் இந்தக் கை வேறு எந்தக் கையைப் போன்றதும் அன்று என்னும் ஒரே ஒரு பயனுள்ள உண்மையை அவர்களுள் ஒருவரும் ஊருக்குச் சொல்லவில்லை! அதைச் சொன்னது ஆராய்ச்சி. தாயின் வயிற்றில் நான்கு மாதம் நிறைவதற்குள்ளாகவே விரல் நுனியில் வரிமேடுகள் அமைந்துவிடுகின்றன. தோல் வளரும் வேகம், கருவில் விரல் பெறும் அழுத்தம் போன்ற சிறு சிறு வேறுபாடுகள் அவற்றின் கோலத்தை வகுக்கின்றன. ஆகவே, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்குக்கூட ரேகை ஒன்றாவதில்லை. பிரமன் எழுதிய எழுத்தன்று. பிறக்குமுன் தோல் போட்ட கோலம்.

டோக்கியோவில் மருத்துவராக இருந்த ஹென்றி ஃபால்ட்ஸ், விரற்பதிவைக் கொண்டு குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று 1880 இல் நேச்சர் ஏட்டில் எழுதினார். 1892 இல் பிரான்சிஸ் கால்டன் விரற்பதிவுகள் என்னும் நூலை வெளியிட்டார். இந்தக் கால்டனைக் கவனிக்க வேண்டும். டார்வினின் உறவினர், பரம்பரையை நம்பியவர், உயர்ந்த இனம் பெருக வேண்டும், தாழ்ந்த இனம் குறைய வேண்டும் என்னும் யூஜெனிக்ஸ் கொள்கைக்கு 1883 இல் பெயர் சூட்டியவர். விரலிலும் இனம் தேடினார். ஆங்கிலேயர், வேல்சுக்காரர், யூதர், கறுப்பின மக்கள், பாஸ்க் மக்கள் என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தார். கல்லூரி மாணவர் விரலையும் பண்ணையாள் விரலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. இன்ன இனத்துக்கு இன்ன ரேகை என்று எதுவும் இல்லை என எழுத வேண்டியவரானார். தேடியதற்கு எதிரான விடை கிடைத்தபோதும் அதை அச்சேற்றினாரே, அந்த நேர்மைக்கு அவரைப் பாராட்டலாம். குலம் எது என்று கேட்டவனுக்கு விரல் சொன்ன மறுமொழி மௌனம்!

அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? வங்காளத்தில் ரிஸ்லி, மூக்கின் அகலத்தை அளந்து, மூக்கு அகல அகலச் சாதி தாழும் என்று கணக்குப் போட்டார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த தர்ஸ்டன், அளவுக் கருவிகளுடன் ஊர் ஊராக, மலை மலையாகச் சென்று தலையையும் மூக்கையும் அளந்தார். மனு எழுதியதை இடுக்கியால் அளந்து மெய்ப்பிக்கப் பார்த்தார்கள். மூக்கு அளந்த அறிவியல் குப்பைக்குப் போயிற்று. விரல் பார்த்த அறிவியல் நிலைத்தது. எது நிலைத்தது என்பதைவிட ஏன் நிலைத்தது என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். விரல், இவன் யார் என்ற கேள்விக்கு மட்டுமே விடை தரும். இவன் எப்படிப்பட்டவன் என்று கேட்டால் அதனிடம் விடையில்லை.

ஆயினும் ஒரு சிக்கல். ஆயிரக்கணக்கான பதிவுகளைச் சேர்த்து வைத்தால் வேண்டியதைத் தேடி எடுப்பது எப்படி? அதைத் தீர்த்தவர்கள் கல்கத்தாவில் காவல்துறை ஊழியர் இருவர்: அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ். பத்து விரல்களில் சுழி வரும் இடங்களைக் கணக்கிட்டு, எந்தப் பதிவையும் 1,024 அறைகளுள் ஒன்றில் அடக்கிவிடும் வாய்பாட்டை அவர்கள் வகுத்தனர். அதன் பயனாக 1897 இல் கல்கத்தாவில் உலகின் முதல் விரற்பதிவு நிலையம் எழுந்தது. 1901 இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டு அதே முறையை ஏற்றது. முறைக்குப் பெயர்? ஹென்றி முறை! வங்காளக் காவல்துறைத் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றியின் பெயர். கணக்குப் போட்ட கைகளுக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பட்டமும் சிறு வெகுமதியும் கிடைத்தன. உழைத்தவன் விரல் தேய, உயரத்தில் இருந்தவன் பெயர் விளங்கிற்று.

அந்த முறையின் முதல் வெற்றிகளுள் ஒன்று ஜல்பைகுரியில். தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் 1897 இல் கொலையுண்டு கிடந்தார். அங்கே கிடந்த வங்காள நாட்காட்டிப் புத்தகத்தின் அட்டையில் குருதி தோய்ந்த விரற்சுவடு. அவரிடம் முன்பு வேலை பார்த்து, திருட்டுக்காகத் தண்டனை பெற்று, பதிவேட்டில் விரலை விட்டுச் சென்றிருந்த ஒருவனுடைய சுவடு அது என்று தெரிந்தது. நாள் பார்க்கும் புத்தகம் எசமானனுக்கு வரப்போகும் கேட்டைச் சொல்லவில்லை. வந்துபோனவன் யார் என்பதைச் சொல்லிற்று! இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1898 இல் நீதிமன்றம் அவனைத் திருட்டுக்காக மட்டுமே தண்டித்தது. கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அங்கே இருந்தான் என்பது வேறு, கொன்றான் என்பது வேறு என்னும் தெளிவு அந்த நீதிமன்றத்துக்கு இருந்தது.

அந்தத் தெளிவு சட்டம் செய்தவர்களிடம் இல்லை. 1871 இல் வடக்கே பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 இல் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பெயரைப் பாருங்கள்: குற்றப் பரம்பரை! குற்றம் செயலில் இல்லை, குருதியில் இருக்கிறதாம். பிறந்ததாலேயே உயர்ந்தவன் என்று ஒருவனைச் சொன்ன வருணாசிரமத்துக்கும், பிறந்ததாலேயே திருடன் என்று ஒருவனைச் சொன்ன வெள்ளையன் சட்டத்துக்கும் என்ன வேறுபாடு? பட்டியலில் சேர்க்கப்பட்ட சமூகத்தார் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். விரற்பதிவு தர வேண்டும். ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பல ஊர்களில் ஆண்கள் இரவுதோறும் காவலர் கண்ணெதிரே படுத்துறங்க வேண்டும். விரல் எதைச் சொல்ல மறுத்ததோ, குலத்தையும் குணத்தையும், அதை அரசு தானே எழுதிக்கொண்டு அதன் கீழே விரலைப் பதியச் சொன்னது. மரத்தடிச் சோதிடனாவது கையைப் பார்த்துவிட்டுப் பொய் சொன்னான். இந்தச் சோதிடன் பொய்யை முதலில் எழுதிவிட்டுக் கையைக் கேட்டான்.

மதுரைச் சீமையில் பிரமலைக் கள்ளர் மக்கள் அதற்கு வைத்த பெயரே கைரேகைச் சட்டம். நீண்ட பிரிவுகளையும் உட்பிரிவுகளையும் அவர்கள் படிக்கவில்லை. தம் உடலில் எந்த இடத்தில் அது கை வைக்கிறது என்பதை அறிந்து பெயரிட்டனர். உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் பதிவு செய்ய அதிகாரிகள் வந்தபோது, நாங்கள் உழுது உண்பவர்கள், ரேகை தர மாட்டோம் என்று ஊரார் நின்றனர். 1920 ஏப்ரல் 3 ஆம் நாள் காவற்படை சுட்டது. பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். அவர்களுள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். காயம்பட்டுக் கிடந்தோருக்குத் தண்ணீர் கொண்டு போனவர் அவர் என்பது ஊரின் நினைவு. பிறகு ஊரார் பலர் விலங்கிட்டு இழுத்துச் செல்லப்பட்டனர். எழுத்தறிந்த நாட்டில் ஒரு கையெழுத்தை மறுத்தவனுக்கு என்ன தண்டனை? ஒன்றுமில்லை. கைநாட்டை மறுத்தவனுக்குக் குண்டு! ஜாலியன்வாலாபாகை நம் பாடநூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. சொல்லட்டும், சொல்ல வேண்டியதுதான். அடுத்த ஆண்டே, அதே ஏப்ரலில், தமிழ் மண்ணில் விழுந்த பிணங்களுக்கு நெடுங்காலம் ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை.

மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அம்மக்களுக்காக வாதாடினார். ரோசாப்பூ துரை என்று இன்றும் அவரை அன்போடு அழைக்கிறார்கள். போராட்டங்கள் தொடர்ந்தன. சென்னை மாகாணத்தில் 1947 இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. இந்தியா முழுவதும் 1952 ஆகஸ்டு 31 இல் ஒழிந்தது. அன்று விடுபட்டோருக்குச் சீர்மரபினர் என்று பெயர். பெயர் மாறிற்று, காவல் நிலையப் பார்வை அவ்வளவு விரைவில் மாறவில்லை.

கடல் கடந்த தமிழனையும் இதே மை தேடி வந்தது. எட்வர்ட் ஹென்றி 1900 இல் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டு அங்கே காவல்துறையைச் சீரமைத்தார். ஆறாண்டுகளில் டிரான்ஸ்வால் அரசு, ஆசிய மக்கள் அனைவரும் பத்து விரல்களையும் பதிந்து பதிவுச் சீட்டு பெற வேண்டும் என்றது. காந்தியார் அங்கே நடத்திய போராட்டத்தில் தமிழர் முன்னணியில் நின்றனர். மொரீசியசில் பிறந்த தம்பி நாயுடு மறியலுக்குத் தலைமை தாங்கிப் பலமுறை சிறை சென்றார். 1908 ஆகஸ்டு 16 இல் ஜோகனஸ்பர்க்கில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுச் சீட்டுகள் ஒரு கொப்பரையில் எரிந்தன. அந்தத் தீ நம் ஏடுகளில் ஒளிவிட்டது. அதே காரணத்துக்காகப் பெருங்காமநல்லூரில் நின்றவர்களுக்கு அந்த ஒளி ஏன் கிட்டவில்லை என்று கேட்க உரிமை உண்டு.

இனி மலைக்குத் திரும்புவோம்.

ஜவ்வாது மலையில் காவலூர் என்று ஓர் இடம். அங்கே வானாய்வகம், 1986 முதல் 2.3 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி. ஒரு விண்மீனின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அதில் விழும் கருங்கோடுகளைக் கொண்டு அது எந்தப் பொருளால் ஆனது என்று சொல்கிறார்கள். விண்மீனின் விரல் ரேகை என்றே அதைச் சொல்லலாம். கோடானு கோடி கல் தொலைவில் இருப்பதை அடையாளம் காணும் அறிவு அதே மலையில் கொலுவிருக்கிறது. புதூர்நாட்டிலோ ஜமுனாமரத்தூரிலோ பீஞ்சமந்தையிலோ நியாயவிலைக் கடை வாயிலில் கை நீட்டி நிற்கும் கிழவியை அடையாளம் காண்பதில்தான் தடுமாற்றம்!

2009 இல் தனித்துவ அடையாள ஆணையம் அமைந்தது. 2010 செப்டம்பர் 29 இல் மகாராட்டிரத்தின் தெம்பிலி என்னும் பழங்குடி ஊரில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. இன்று 130 கோடிக்கு மேற்பட்டோருக்கு எண் உண்டு. பத்து விரலும் இரு கருவிழியும் முகமும் பதிவில் உண்டு. பயோமெட்ரிக் என்று கடைக்காரர் முதல் கல்லூரி மாணவர் வரை சொல்வது இதைத்தான். நோக்கம் தீயது என்று நான் சொல்லவில்லை. போலி அட்டையால் அரிசி கொள்ளை போனது உண்மை. ஏழைக்குக் கையில் ஓர் அடையாளம் வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

விரலை வைத்ததும் கருவி வரிமேடுகள் முடியும் இடங்களையும் கவைபோல் பிரியும் இடங்களையும் குறித்துக்கொள்கிறது. முன்பு பதிந்த குறிப்போடு ஒப்பிடுகிறது. இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று மதிப்பெண் போடுகிறது. அவ்வளவே அதன் அறிவு. எத்தனை மதிப்பெண் பெற்றால் இவன் அவன்தான் என்று ஏற்பது? அந்தக் கோட்டைக் கிழிப்பது கருவியன்று, மனிதன். கோட்டை உயர்த்தினால் போலி நுழைவது குறையும். உண்மையானவன் வெளியே தள்ளப்படுவது கூடும். தாழ்த்தினால் மறுதலை. யாருக்காக யார் அந்தக் கோட்டை எங்கே கிழித்தார் என்பது அரசியல் கேள்வி; அதைக் கருவியின் பின்னே ஒளித்து வைக்கிறார்கள்.

பிறக்குமுன் விழுந்த ரேகை அழியாது என்று படித்தோமே, பின் ஏன் தவறுகிறது? கோலம் மாறுவதில்லை, மேடு தேய்கிறது. சாமையும் தினையும் விதைத்து, களை கொத்தி, புளி உலுக்கி, கல் சுமந்து, பாத்திரம் துலக்கி, சுண்ணாம்பு குழைத்த கை தேயாமல் என்ன செய்யும்? முதுமையில் தோல் வறண்டு மடிகிறது. நாற்காலியில் அமர்ந்து கோப்பில் கையெழுத்திடுகிறவரின் விரல் பளிங்கு போல் இருக்கிறது; அவர் வரிசையில் நிற்பதே இல்லை! உழைப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு அடையாளம் மங்கும் என்றால், இது யாருக்காகச் செய்த கருவி?

இது என் கற்பனையன்று. அரசின் 2016–17 ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கையே ஜார்க்கண்டில் நூற்றுக்கு 49, ராஜஸ்தானில் 37 என்று சரிபார்ப்புத் தவறுகளைக் குறித்தது. அரசுத் திட்டங்களில் சரிபார்ப்பு வெற்றி நூற்றுக்கு 88 என்று ஆணையத்தின் தலைமை அதிகாரி 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றத்தில் சொன்னார். நூற்றுக்குப் பன்னிரண்டு சிறு எண்ணாகத் தோன்றும், அந்தப் பன்னிரண்டில் நாம் இல்லாதவரை. சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி பசியால் மாண்டாள் என்று தாய் கதறினாள். ஆதாரோடு இணைக்காத அந்தக் குடும்பத்தின் அட்டை முன்பே நீக்கப்பட்டிருந்தது. நாய் திரும்பியது, கருமாதி முடிந்தது.

தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் முதல் நியாயவிலைக் கடைகளில் விரல் பதியும் முறை வந்தது. பின்னர்ப் பல கடைகளில் கருவிழி பார்க்கும் கருவியும் வைத்தார்கள். அட்டை உள்ள எல்லோருக்கும் பொருள் என்னும் பொதுவிநியோகத்தை இந்த மாநிலம் கைவிடவில்லை என்பது பெரிய காப்பு. விரல் சேரவில்லை என்றால் கைப்பேசிக்கு வரும் எண்ணைச் சொல்லலாம் என்கிறார்கள். மலைக் கிராமத்தில் கைப்பேசி இருந்தாலும் அலை எட்ட வேண்டும்; கடை இருக்கும் ஊருக்கு மேடும் பள்ளமுமாக நடந்து வர வேண்டும்; ஒரு நாள் கூலி போக வேண்டும். திரும்பிப் போய் மறுநாள் வா என்பது சமவெளியில் ஒரு சொல். மலையில் அது ஒரு தண்டனை.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். பத்து விரலும் இரு விழியும் தந்து, இவன் இன்னான் என்று இந்திய அரசே சான்று வழங்கிய மலையாளி இளைஞன், கல்லூரியில் சேரப் பழங்குடிச் சான்று கேட்டுக் கோட்டாட்சியர் அலுவலகப் படியேறுகிறான். அங்கே தந்தையின் சான்று, பாட்டனின் பத்திரம், உறவினர் பெயர், வழிபடும் தெய்வம், மணமுறை என்று விசாரணை. இட ஒதுக்கீட்டைப் போலிகளிடமிருந்து காக்க விசாரணை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கால்டன் கண்ட உண்மை இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது. விரல் எத்தனை துல்லியமாகப் பேசினாலும், ஒருவனுக்கு நேர்ந்த வரலாற்றைப் பேசாது. அதை மனிதர்தான் மனிதரிடம் கேட்டுத் தெளிய வேண்டும். சரிபார்ப்பில் தவறியவனுக்கும் அதே மனித விசாரணையைக் கடை வாயிலிலேயே செய்தால் என்ன குறைந்துவிடும்? பக்கத்து வீட்டார் இருவர், இவள் இன்னாள் என்று சொன்னால் போதாதா? தற்குறிக்கு மாட்டெறிந்த நாட்டுக்கு இது புதிதா?

உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 இல் ஆதார் சட்டத்தை நால்வர் பெரும்பான்மையால் ஏற்றது; நீதிபதி சந்திரசூட் ஒருவர் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கட்டாயமாகக் கேட்பதை அந்தத் தீர்ப்பு தடுத்தது. மானியங்களுக்கு அது வேண்டும் என்பதை ஏற்றது. சரிபார்ப்பு தவறியதற்காக உரியவருக்குப் பொருள் மறுக்கப்படாது என்று அரசு தந்த உறுதி அத்தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. காவல்துறைப் பக்கம் பார்த்தால், பெருங்காமநல்லூர் நடந்த அதே 1920 இல் இயற்றப்பட்ட கைதிகள் அடையாளச் சட்டம் 2022 வரை உயிரோடிருந்தது. அதற்கு மாற்றாக வந்த சட்டம் விரலோடு கருவிழி, விழித்திரை, உயிரியல் மாதிரிகள், நடத்தைக் குறிகள் வரை கேட்கிறது. பதிவை 75 ஆண்டு வைத்திருக்கலாம் என்கிறது. முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால் பதிவை அழிக்க வேண்டும் என்று ஒரு விதியும் அதில் உண்டு. தானே அழியும் என்று காத்திருக்க வேண்டாம்; விடுதலைத் தீர்ப்பின் படியை இணைத்து எழுத்தில் கேளுங்கள்.

மலையில் பணியாற்றும் தோழர்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. கருவி மறுத்த நாளில் யாரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம். விரல் சேரவில்லை, பொருள் வழங்கவில்லை என்று நாளும் நேரமும் அட்டை எண்ணும் குறித்து எழுதித் தரும்படி கடையில் கேளுங்கள். தர மறுத்தால் நீங்களே எழுதி, உடன் நின்ற இருவரின் கையொப்பமோ பெருவிரலோ வாங்குங்கள். 2013 ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பர் முதல் தமிழ்நாட்டிலும் நடைமுறையில் உள்ளது. அதன் 15 ஆம் பிரிவு மாவட்டக் குறைதீர் அலுவலரையும், 16 ஆம் பிரிவு மாநில உணவு ஆணையத்தையும் அமைக்கச் சொல்கிறது. அச்சட்டப்படி உரிமை பெற்றவருக்குத் தானியம் கிடைக்கவில்லை என்றால் உணவுப் பாதுகாப்புப் படி கோர 8 ஆம் பிரிவு இடம் தருகிறது. எழுதிய தாளின் ஒரு படியை உங்களிடம் வைத்துக்கொண்டு, மற்றதை மாவட்டத் தலைநகருக்கு அனுப்புங்கள்.